பெயர் வெட்டிய பாத்திரங்கள்

(சாந்த்ராகாச்சித் தமிழர் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் குறளையோ சிலம்பையோ எடுத்துப் பேசுவது மரபு. நான் எடுத்துக்கொண்ட பொருளோ பழம்பொருள் அங்காடி. "அண்டாவையும் குண்டானையும் பற்றிப் பேசவா இவரை அழைத்தோம்?" என்று செயலாளர் வருந்த வேண்டா. அண்டாவிலும் வரலாறு உண்டு; குண்டானிலும் தமிழ் உண்டு. அதனைக் காட்டவே உங்கள் முன் நிற்கின்றேன்.

நாம் வாழும் சாந்த்ராகாச்சியிலிருந்து வித்யாசாகர் பாலத்தைக் கடந்து சென்றால், பார்க்குத் தெருவை அடுத்து ரசல் தெரு இருக்கின்றது. அங்கே 1940ஆம் ஆண்டில் தொடங்கிய 'ரசல் எக்சேஞ்ச்' என்னும் ஏலக்கடை புகழ் பெற்றது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏலம் நடத்துவது அதன் வழக்கம். 1911 வரை இந்தியாவின் தலைநகராய் விளங்கிய ஊர் கொல்கத்தா. ஆங்கிலேயர் 1947இல் நாட்டை விட்டுச் சென்றபோது அவர்தம் மேசை, நாற்காலி, சரவிளக்கு, கிராமபோன், பீங்கான் அனைத்தும் ஏலக்கடைகளின் வழியே புதுக் கைகளுக்கு மாறின. சமீந்தார் மாளிகைகள் தளர்ந்தபோது அவற்றின் பொருள்களும் அதே வழியில் வந்தன. ஒருவர் வாழ்வு தாழ, அவர் வீட்டு விளக்கு மற்றொருவர் கூடத்தில் எரிகின்றது. ஏலக்காரனின் சுத்தியல் ஒலி உணர்த்தும் உண்மை இதுவே.

இங்கே பிறர் வீட்டுப் பொருளைக் காண்கின்றோம். நம்மவர் வீட்டுப் பொருளைக் காண வேண்டுமாயின் காரைக்குடிக்குச் செல்ல வேண்டும். விடுமுறையில் ஊர் செல்வோர் ஒரு முற்பகலை ஒதுக்கி, அந்நகரின் முனீசுவரன் கோவில் தெருவைக் கண்டு வாருங்கள். கடைக்குள் நேரே நடக்க இயலாது. தோளைச் சாய்த்தே நுழைய வேண்டும். தரையிலிருந்து கூரை வரை பொருள்கள் அடுக்கப்பட்டிருக்கும். தேக்குக் கதவின்மேல் தொட்டில்; தொட்டிலுக்குள் கூசா; கூசாவின் பக்கத்தில் பல்லாங்குழி; சுவரெங்கும் இரவிவர்மா படங்கள். பர்மாவின் அரக்குப் பெட்டியும், சுவீடன் நாட்டுக் காக்கம்சு நிறுவனத்தின் எனாமல் தூக்கும் அருகருகே தொங்கும்.

சுவீடன் தூக்கு செட்டிநாட்டுக்கு வந்தது எவ்வாறு? நகரத்தார் பெருமக்கள் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் கொண்டுவிற்றுச் செல்வம் ஈட்டினர். கடல் கடந்து ஈட்டிய பொருளைக் கொண்டு பர்மாத் தேக்காலும் இத்தாலியச் சலவைக்கல்லாலும் மாளிகைகள் எழுப்பினர். 1941 திசம்பரில் சப்பானியப் படை பர்மாவில் புகுந்தது. 1942இல் பல்லாயிரவர் கால்நடையாகவே காடும் மலையும் கடந்து திரும்பினர். பர்மா 1948இல் விடுதலை பெற்றபின் அங்கிருந்த நிலங்களும் கைவிட்டுப் போயின. இங்கே மாளிகைக்குப் பங்காளிகள் பலராயினர். பழுது பார்க்கும் செலவோ பெருகிற்று. சில வீடுகள் பிரிக்கப்பட்டன. தூண் ஒரு திசை, கதவு ஒரு திசை, பாத்திரம் ஒரு திசையாகச் சென்றன. அவற்றுள் ஒரு பகுதியே அத்தெருவில் நாம் காண்பது.

அக்கடைகளில் ஒரு வெண்கலப் பானையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். விளிம்பின் கீழே சில எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். தலைப்பெழுத்தும் பெயரும் இருக்கும். சிலவற்றில் ஊர்ப்பெயரும் இருக்கும். மகளுக்குச் சீராகக் கொடுத்த பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் நாடெங்கும் உள்ள வழக்கம் அன்றோ? பலர் கூடும் மணவீட்டில் பாத்திரம் மாறிப் போகாதிருக்க வெட்டிய பெயர் அது. பாத்திரம் வீட்டை விட்டே போனபின்னும் பெயர் மட்டும் அழியாமல் நிற்கின்றது. அப்பெயருக்கு உரிய பெண் யார், எவ்வூரில் வாழ்ந்தாள், எத்தனை பேருக்கு அப்பானையில் சோறு வடித்தாள் என்று கேட்டால் விடை சொல்வார் இல்லை. பொருள் இருக்கின்றது; பொருளின் கதை போய்விட்டது. கதை போன பாத்திரத்துக்கு எடைதான் மிச்சம்.

இனி, வாங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். முதற் கடையிலேயே பணப்பையைத் திறவாதீர். தெரு முழுதும் ஒரு முறை சுற்றி வந்த பின்னரே விலை கேளுங்கள். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. தட்டினால் மணிபோல் நீண்டு ஒலிக்கும். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. அதன் ஒலி விரைவில் அடங்கும். பித்தளையில் புளி சேர்ந்த குழம்பு வைப்பதாயின் உள்ளே ஈயம் பூசியிருத்தல் வேண்டும். இரசம் வைக்கும் ஈயச் செம்பு வெள்ளீயத்தால் ஆனது. 232 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். அதனால்தான் வெறுஞ்செம்பை அடுப்பில் ஏற்றலாகாது என்று பாட்டிமார் கண்டித்தனர். அதில் காரீயம் கலந்திருந்தால் உடலுக்கு நஞ்சு. ஆகவே, பிறந்த இடம் தெரியாத பழைய ஈயச் செம்பு கண்ணாடி அலமாரிக்கு அழகு, அடுக்களைக்கு ஆகாது.

இரவிவர்மா படம் வாங்குவோர் ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டு செல்லுங்கள். அவர் 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் கல்லச்சு முறையில் படங்கள் அச்சாயின. அவற்றின் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். இக்காலத்து ஆப்செட் படத்தில் புள்ளிகள் கோலப்புள்ளிபோல் வரிசை தவறாமல் இருக்கும். பழைய சட்டத்தில் புதிய படத்தைப் பொருத்தி விற்பவரும் உளர் என்பதை மறவாதீர்.

விலை எவ்வளவு மலிவாயினும் நாம் தொடக் கூடாத பொருளும் உண்டு. அது கோவிலுக்குரிய தெய்வத் திருமேனி. 1976இல் சோழநாட்டுப் பத்தூரில் மண்ணைத் தோண்டிய தொழிலாளி ஒருவர் கையில் நடராசர் திருமேனி ஒன்று கிடைத்தது. அது கைமாறிக் கைமாறி இலண்டன் சென்றது. 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதனை வாங்கிற்று. வழக்கு எழுந்தது. இடிந்து கிடந்த கோவிலுக்கும் வழக்காடும் உரிமை உண்டென்று ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. 1988இல் தீர்ப்பு நமக்குச் சார்பாக வந்தது. 1991இல் மேல்முறையீட்டிலும் நிலைத்தது. அவ்வாண்டே ஆடல்வல்லான் தாயகம் திரும்பினான். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள்களும் எழுபத்தைந்து ஆண்டு கடந்த மதிப்புமிக்க சுவடிகளும் தொல்பொருள்களாகும். அவற்றைத் தனியார் அயல்நாட்டுக்குக் கொண்டு செல்லுதல் குற்றம். சிற்பம் முதலியவற்றைப் பதிவு செய்தலும் வேண்டும். "இது எங்கிருந்து வந்தது?" என்ற வினாவுக்குக் கடைக்காரர் தயங்கினால், வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வருவதே அறிவுடைமை.

பெருமக்களே! அந்த வினாவை நம் வீட்டுப் பரணையும் நோக்கிக் கேட்க வேண்டும். வேலையின் பொருட்டு வங்கம் வந்த நம் குடும்பங்கள் தூக்கி வந்த பொருள்கள் சிலவே. சேவை நாழி, கல்சட்டி, குத்துவிளக்கு, படி, உழக்கு, ஆழாக்கு என்று எண்ணிவிடலாம். இன்று குடியிருப்பு சிறிதாகின்றது. எவர்சில்வரும் மின் அடுப்பும் வந்துவிட்டன. ஓய்வு பெறுவோர் ஊர் மாறுகின்றனர். தெருவில் தராசுடன் வருபவன் கிலோக் கணக்கில் விலை சொல்கின்றான். கொடுத்துவிடுகின்றோம். கொடுப்பதைக் குற்றம் என்று சொல்லேன். இடம் இல்லாதவர் என் செய்வர்? ஆயின் பாத்திரத்தோடு அதன் பெயரும் போய்விடுகின்றதே, அதற்குத்தான் வருந்துகின்றேன்.

எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவை வந்தது, நன்மையே. ஆயினும் ஆழாக்கைக் கண்ணால் காணாத பிள்ளைக்கு அச்சொல் நிகண்டில் உறங்கும் சொல்லே ஆகும். தவலை, போகணி, அருக்கஞ்சட்டி என்னும் சொற்களும் அப்படியே. பொருள் கைவிட்டுப் போனால், இரண்டு தலைமுறையில் சொல்லும் நாவை விட்டுப் போகும். வங்க மண்ணில் தமிழ் எழுத்தைக் கற்பிக்க நாம் முயல்கின்றோம். அடுக்களையில் உள்ள தமிழைத் தராசில் போட்டு விற்கலாமா?

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். மகளின் சீர்ப்பொருள்களைப் பட்டியல் எழுதி வைத்தவர் நம் முன்னோர். அவ்வழியில், ஒவ்வோர் இல்லத்திலும் உள்ள பழம்பொருளுக்கு ஒரு சீட்டு எழுதுங்கள். அதன் பெயர், அதன் பயன், எவ்வூரிலிருந்து எந்த ஆண்டில் யார் கொண்டு வந்தது என்ற நான்கும் போதும். பாட்டி சொல்ல, பேரன் எழுதட்டும். அடுத்த ஆண்டு விழாவில் அப்பொருள்களை இம்மண்டபத்தில் ஒரு நாள் வரிசையாக வைப்போம். விற்பனைக்கு அன்று, பார்வைக்கு! வங்க நண்பர்களையும் அழைப்போம். அவர்களும் தங்கள் வீட்டு வெண்கலத் தட்டுகளைக் கொண்டு வரட்டும். முர்சிதாபாத்துக் காக்ராவின் வெண்கலமும் நம் வெண்கலமும் ஒரே மேசையில் இருக்கட்டும்.

அதன்பின் ஒரு பொருளை விற்க நேர்ந்தாலும் சீட்டோடு விற்கலாம். வாங்குபவர் கையில் பானையோடு அதன் வரலாறும் சேரும். விளிம்பில் வெட்டிய பெயரைப் படிப்பவர்க்கு, அப்பெயர் யாருடையது என்று சொல்ல ஒரு துண்டுத் தாளாவது இருக்கும். அத்தாளை எழுதும் பணியை இன்றிரவே தொடங்குங்கள் என வேண்டுகின்றேன்.