தொங்கும் தோரணமும் முதியோர் கைகளும்

பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் தறுவாயில் சீனன்குடாவின் வீட்டு வாயில்களை இரு வகையாகக் காணலாம். சிலவற்றில் மாவிலையும் குருத்தோலையும் தொங்கும். சிலவற்றில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மாவிலை தொங்கும். பிளாஸ்டிக் இலை வாடுவதில்லை, உதிர்வதில்லை, ஆண்டுக்கொருமுறை கழுவி மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால், அது வந்த வீட்டில் வேலை இழந்தவர் ஒருவர் இருக்கிறார். திண்ணையில் அமர்ந்து குருத்தோலையை வகிர்ந்து, மடித்து, பேரப்பிள்ளைகளின் கையில் எடுத்துக் கொடுத்த பாட்டியே அவர். அவரிடம் இப்பொழுது யாரும் ஓலை கொண்டுவந்து தருவதில்லை.

நேயர்களே, தோரணம் கட்டுதல் சிறு காரியமாகத் தோன்றலாம். அதனுள் ஓர் இலக்கணமே அடங்கியிருக்கிறது. ஈழத் தமிழர் வழக்கில் குருத்தோலையின் இலக்கை நகத்தால் கீறி மடித்துச் செய்யும் உருவுக்குக் குருவி என்று பெயர். மங்கல நிகழ்ச்சிக்கான தோரணத்தில் நான்கு குருவிகள் தலை மேல்நோக்கி நிற்க வேண்டும். இழவு வீட்டுத் தோரணத்தில் மூன்று குருவிகள் தலை கீழ்நோக்கித் தொங்க வேண்டும். தெருவில் செல்லும் அயலூரார் எவரையும் கேளாமலே அவ்வீட்டின் நிலையை அறிந்துகொள்வர். இன்று இந்த வேறுபாட்டை உணர்ந்து கட்டக்கூடிய கைகள் பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்த கைகளே. அவை ஓய்ந்தபின் கலியாணப் பந்தலில் இழவுத் தோரணம் தொங்கினாலும் சுட்டிக்காட்ட ஆள் இராது. சிங்கள மக்களும் இதே குருத்தோலையைக் கொக்கொல எனச் சொல்லிச் சோடனைக்குப் பயன்படுத்துகின்றனர். ஆதலின் இந்த இழப்பு ஓர் இனத்தாருடையது மட்டுமன்று.

இதே நிலை கடல் கடந்த ஒரு நாட்டிலும் நேர்ந்தது. அங்கே அதற்கு ஒரு மாற்றும் காணப்பட்டது. ஜப்பானில் மார்ச் மாதம் மூன்றாம் நாள் பெண் குழந்தைகளுக்குரிய ஹினா விழா. அது பீச் மரம் பூக்கும் வசந்தகால விழா. செல்வர் வீடுகளில் அரசன், அரசி, பரிவாரம் என விலையுயர்ந்த பொம்மைகளைப் படிப்படியாக அடுக்கிவைப்பர். நம்மவர் நவராத்திரிக் கொலுவைப் போன்றதே. கொலு வைக்க வசதியற்றவர்கள் என்ன செய்தார்கள்? இசுத் தீபகற்பத்திலுள்ள இனத்தோரி என்னும் கடற்கரையூரில் தாய்மாரும் பாட்டிமாரும் பழைய கிமோனோ உடைகளின் துண்டுத் துணியில் சின்னஞ்சிறு பொம்மைகளைத் தைத்து, நூலில் கோத்து, மேலிருந்து தொங்கவிட்டனர். ட்சுருஷி பினா என்பது அதன் பெயர். யனகாவா என்னும் ஊரில் சகேமோன் என்றும், வடக்கே சகாத்தாவில் கசஃபுக்கு என்றும் இதன் உடன்பிறப்புகள் உண்டு.

தொங்கும் ஒவ்வோர் உருவுக்கும் ஒரு பொருள் வைத்தார்கள். இனத்தோரியில் மூன்று உருவங்கள் தலையாயவை. பீச் பழம் தீமையை விரட்டி நீண்ட ஆயுளைத் தரும் என்பது ஒன்று. குரங்கு மற்றொன்று, ஜப்பானிய மொழியில் குரங்கைக் குறிக்கும் சரு என்ற ஒலியே அகன்று போதலையும் குறிப்பதால், துன்பம் அகல்க என்பது அதன் கருத்து. மூன்றாவது, மருந்துப் பை போன்ற முக்கோணம். நோயின்றி வாழ்க என்பது அதன் வாழ்த்து. யனகாவாவின் கணக்கு இன்னும் சுவையானது. ஏழு சரங்களில் ஏழேழு உருவங்கள், நடுவில் நூல் சுற்றிய பெரிய பந்துகள் இரண்டு, ஆக ஐம்பத்தொன்று. மனித ஆயுள் ஐம்பது என்று எண்ணப்பட்ட காலத்தில், இந்தப் பெண் குழந்தை ஓராண்டேனும் கூடுதலாக வாழட்டும் என்று வேண்டிய தாய்மனம் அந்த ஒன்றில் இருக்கிறது.

போருக்குப் பின்னர் இனத்தோரியில் இவ்வழக்கம் மங்கியது. 1990களில் அவ்வூர்ப் பெண்களே கூடி அதை மீட்டெடுத்தனர். அந்த வேலையில் முதிய பெண்மணிகளின் நினைவாற்றலே நூலாகவும் ஊசியாகவும் பயன்பட்டது எனலாம்.

சீனன்குடா ஜப்பானை முதலில் வேறொரு முகத்தில்தான் கண்டது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்களே இருந்த காலைப்பொழுதில், ஜப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. முதல் நாள் இரவு துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. ஜப்பானிய விமானம் ஒன்று மோதி எரிந்ததாக ஊரார் சொல்லும் எண்ணெய்த் தாங்கியின் கதை இன்றும் அங்கே வழங்குகிறது. அந்த வருடப்பிறப்புக்கு எத்தனை வீடுகளில் தோரணம் ஏறியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அதன் பின்னரும் அவ்வட்டாரம் 1983, 1990, 2006 ஆகிய ஆண்டுகளில் இடப்பெயர்வையும், 2004ஆம் ஆண்டில் கடற்கோளையும் கண்டது. ஓடியவர் பானையையும் பத்திரத்தையும் தூக்கிச் செல்லக் கூடும். வீட்டு வளவில் நின்ற தென்னையைத் தூக்கிச் செல்ல எவரால் முடியும்?

அவ்வாறு இடம் பெயர்ந்து மீண்ட முதியவர்களுக்கு இந்தத் துணித் தோரணம் பொருத்தமான கைவேலை. ஜப்பானியரிடமிருந்து முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உருவங்கள் நம்முடையனவாக இருக்கட்டும். மாங்காய், வேப்பம்பூ, மீன், குருவி ஆகியன சீனன்குடாவின் சித்திரைக்குப் போதும். குரங்கும் பீச்சும் வேண்டியதில்லை.

செய்முறை எளிது. தொடங்குவதற்கு முக்கோணமே நல்லது. பழைய பருத்திச் சேலையிலோ தையற்கடை வெட்டுத்துண்டிலோ நாலு அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ள வேண்டும். வழுக்கும் பட்டும் நைலோனும் முதிய விரல்களுக்கு ஆகா. சதுரத்தின் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு மூலைக்கு மூலை மடித்து, ஓரத்தைத் தைத்து, ஒரு விரல் நுழையும் அளவு இடம் விட வேண்டும். பின்னர் உட்புறத்தை வெளியே திருப்பி, இலவம் பஞ்சை அடைத்து, விட்ட இடத்தை மூடிவிட்டால் உருவம் ஆயிற்று. மூலைகளைக் குத்தித் திருப்ப ஓர் ஈர்க்கின் மழுங்கிய முனை போதும். இறுக அடைத்தால் தையல் பிரியும். அடைப்பது தளர்வாகவே இருக்க வேண்டும். ஐந்து உருவங்களை ஒரு சாண் இடைவெளியில் தடித்த நூலில் கோத்தால் ஒரு சரம். பிரம்பையோ தென்னை ஈர்க்குக் கற்றையையோ வளையமாகக் கட்டி, அதில் ஐந்து சரங்களைத் தொங்கவிடலாம். சரங்களின் நீளம் ஒத்திராவிட்டால் வளையம் ஒருபுறம் சாயும். அதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை, பாரமான பக்கத்துச் சரத்தைச் சற்று நடுவுக்கு நகர்த்தினால் சரியாகிவிடும்.

பெரிய காதுள்ள ஊசியே வேண்டும். நூல் கோக்கும் வேலையைப் பள்ளிச் சிறுவர் செய்யட்டும். பாட்டியின் அருகில் அவர்களை அமர்த்தும் தந்திரமும் அதுவே. விறைத்த விரல்களை வேலைக்கு முன் இளஞ்சூட்டு நீரில் சிறிது நேரம் வைத்திருத்தல் நன்று. அரை மணிக்கு மேல் ஒரே இருப்பில் தைக்கலாகாது. காலை வெளிச்சமே ஏற்றது. விளக்கொளியில் தைத்துக் கண்ணை வருத்துவதில் பொருளில்லை.

இலங்கையின் 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பில் அறுபதும் அதற்கு மேற்பட்டோரும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்தனர். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின் பின்னர் கிராமங்களில் முதியோர் சங்கங்கள் அமைந்தன. அவற்றின் கூட்டங்களில் உரைகள் நிகழ்கின்றன, தேநீர் வழங்கப்படுகிறது. கையில் வேலை கொடுக்கும் கூட்டம் எத்தனை என்பதுதான் கேள்வி. வயோதிபரைப் பேணுதல் என்றால் உணவும் மருந்தும் அளிப்பது என்றே பலர் கருதுகின்றனர். உண்டு முடித்த பின்னர் எஞ்சுகின்ற பகற்பொழுது மிக நீண்டது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் தொலைபேசி அழைப்பு வரும் வரையில் சுவரைப் பார்த்திருப்பவருக்கு, இந்தச் சரம் வருடப்பிறப்புக்கு முன் முடிய வேண்டும் என்ற அவசரமே ஓர் அரிய செல்வம்.

ஒன்று குறிப்பிட வேண்டும். துணித் தோரணம் குருத்தோலைக்கு மாற்றாக வந்ததாகக் கருதலாகாது. வாசலில் ஓலையே இருக்கட்டும்; துணிச் சரங்கள் உள்வீட்டிலோ குழந்தையின் ஏணைக்கு அருகிலோ தொங்கட்டும். குழந்தைக்குக் கையெட்டாத உயரம் அவசியம். துணி தைக்கக் கூடிய அதே நாட்களில் ஒரு பொழுதை ஓலைக்கு ஒதுக்கி, நான்கு குருவியும் மூன்று குருவியும் எவ்வாறு மடிக்கப்படுகின்றன என்பதை முதியவர் செய்துகாட்டச் சிறுவர் செய்து பழகலாம். ஓலையை முதல் நாளே வெட்டினால் ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். உலர்ந்த ஓலை மடிக்கையில் முறியும்.

ஹினா விழா முடிந்தபின் பொம்மைகளை எடுத்துவைக்கத் தாமதித்தால் வீட்டுப் பெண்ணின் திருமணம் தாமதமாகும் என்று ஜப்பானியத் தாய்மார் சொல்வதுண்டு. நம்மவர்க்கு அந்த அச்சம் வேண்டா. சித்திரைக் கொண்டாட்டம் ஓய்ந்ததும் வாடிய ஓலையை அகற்றிவிட்டு, துணிச் சரங்களைத் தூசி தட்டி, ஒரு பகல் நிழலில் உலர்த்தி, பழைய வேட்டியில் உலர்ந்த வேப்பிலையோடு சுற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம். மறு பங்குனியில் திறக்கும்போது நைந்த உருவம் ஒன்றிரண்டு இருக்கும். அவற்றுக்குப் பதில் புதியன தைக்க வேண்டும்.