எரிந்த கொட்டகையைத் திரும்பக் கட்டுவதற்கு முன்

(வீடமைப்புச் சங்க அங்கத்தவர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



சங்க அங்கத்தவர்கள் சிலரோடு நாங்கள் யாழ்ப்பாணம் போய் வந்தது உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் தீ என்றாலே 1981 ஜூன் 1ஆம் திகதி எரிக்கப்பட்ட பொது நூலகம்தான் ஞாபகத்துக்கு வரும். அதைப் பற்றிப் பேச ஒரு நாள் போதாது. இன்றைக்கு நாங்கள் பேச வந்தது, கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டில் எரிந்துபோன வாகனக் கொட்டகையைப் பற்றி. கராஜ் என்று சொல்லுகிறோமே, அதுதான்.

வீட்டுச் சுவரோடு ஒட்டி இறக்கின கொட்டகை. ஒரு ஓட்டோ, ஒரு மோட்டார் சைக்கிள், பக்கத்தில் விறகு, மறைப்புக்குப் பனையோலைக் கிடுகு. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது கானில் பெற்றோல் வாங்கி வைக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் வந்தது, இல்லீங்களா? கியூ ஒழிந்தது, பழக்கம் ஒழியவில்லை. அந்த வீட்டிலும் ஒரு கான் இருந்திருக்கிறது. பற்றரி சார்ஜ் போட்ட இடத்தில் ஒரு பொறி. அவ்வளவுதான். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கூரை போய்விட்டது, ஓட்டோ போய்விட்டது, சுவர் மட்டும் கறுத்துப்போய் நிற்கிறது.

வீட்டுக்கார ஐயா ஒரு கிழமைக்குள் பழைய சுவரிலேயே தகரம் போடப் பார்த்திருக்கிறார். பிரதேச சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து நிறுத்திவிட்டார். ஐயாவுக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. "தம்பி, எரிஞ்சது என்ரை கொட்டில். காணியும் என்ரை, உறுதியும் என்ரை பேரிலை. திரும்பக் கட்ட நான் ஆரைக் கேக்கோணும்?" என்று எங்களிடமே கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் சட்டத்தின் பதில் வேறு. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலான சட்டம், இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. புதிதாகக் கட்டினாலும் சரி, இருந்ததைத் திரும்பக் கட்டினாலும் சரி, அது ஆளும் இடத்தில் சபையின் அனுமதி வேண்டும். கூரை போடுவதும் அதற்குள் வரும். கட்டி முடித்த பிறகு இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்தது. அந்தச் சபைக்கு உட்பட்ட பகுதிகளுக்கு அதன் விதிகளும் சேரும். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள். எந்தச் சபையின் எல்லைக்குள் வீடு இருக்கிறதோ அங்கேதான் விண்ணப்பம்.

"முன்னே இருந்த இடத்திலேதானே கட்டுறேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. பழைய கொட்டகை கட்டின காலத்தில் ஒழுங்கை மாட்டுவண்டி போகிற அகலம். இப்போது வீதிக்கோடு உள்ளே தள்ளி வந்திருக்கும். நிற்கிற கட்டிடத்தை அதற்காக யாரும் உடனே இடிக்கச் சொல்லுவதில்லை. ஆனால் எரிந்து விழுந்து திரும்பக் கட்டும்போது கோட்டுக்கு உள்ளே தள்ளித்தான் கட்ட வேண்டும். அந்த ஐயாவுக்கும் இதுதான் நடந்தது. அவருக்கு இரண்டு அடி போச்சு. எங்களுக்கும் அது கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் தீயணைப்பு வண்டி வளவுக்குள் திரும்ப முடியாமல் நின்றால் யாருக்கு நட்டம்?

இனிச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேணும், ஏனென்றால் சனம் ஏமாறுவது இங்கேதான். தீயில் நின்ற சுவர் பார்க்க நல்ல சுவர் மாதிரி இருக்கும். யாழ்ப்பாணத்தில் பழைய வீடுகள் சுண்ணாம்புக் கல்லால் கட்டினவை. அந்தக் கல்லைச் சூளையில் வைத்துச் சுட்டுத்தானே சுண்ணாம்பு எடுக்கிறார்கள்! வீடு எரியும்போதும் கல்லின் மேற்புறத்துக்கு அதே வேலை நடக்கலாம். பிறகு மழை பட்டால் மாவாக உதிரும். கொங்கிரீட் தூணும் அப்படித்தான்: 300 பாகை செல்சியஸுக்கு மேலே சூடானால் பலம் குறையத் தொடங்கும், சில கொங்கிரீட் இளஞ்சிவப்பாக நிறம் மாறும். உள்ளே இருக்கிற கம்பி 600 பாகை அளவில் பாதிப் பலத்துக்கு வந்துவிடும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல சுவர் 'டங்' என்று சொல்லும், கெட்டது பொத்தென்று சொல்லும். இது நாங்கள் பார்க்கிற சோதனை. முடிவு சொல்ல வேண்டியது தொழில்நுட்ப உத்தியோகத்தர். சுவருக்கு மேல் சாந்து பூசி மறைத்துவிட்டு அவரைக் கூப்பிடுவது புத்தியில்லை.

அஸ்பெஸ்டஸ் சீற் தீயில் வெடித்துச் சிதறும். அந்தத் தூளை விளக்குமாறால் வறட்டுக்குப் பெருக்கவே கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கு வாய் மூடிக்கொண்டு, பையில் கட்டி அப்புறப்படுத்துங்க. பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம்.

பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போகாது, நிலத்தோடு ஊர்ந்து போகும். அதனால் கொட்டகையின் நிலம் வீட்டு நிலத்தைவிடப் பதிவாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் வீட்டோடு சேர்ந்த கராஜ் கட்டினால், வாசலில் வீட்டு நிலம் 100 மில்லிமீற்றர் உயர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கராஜ் நிலம் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், நடுக் கதவு தீயை 30 நிமிஷம் தாங்க வேண்டும் என்று விதி. அந்த ஐயாவின் மகன் லண்டனில் இருக்கிறார், "அப்பா, படி உயர்த்திக் கட்டுங்கோ" என்று அவர்தான் போனில் சொன்னாராம். நம்ம சபை கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரு படி உயர்த்த எவ்வளவு சீமெந்து போகும்? நடுச் சுவரைக் கூரைத் தகரம் வரைக்கும் இடைவெளி இல்லாமல் எழுப்புங்க. கீழே காற்றுப் போக ஓட்டை விடுங்க. வெளிப்பக்கச் சுவரில்தான், வீட்டுப் பக்கம் அல்ல.

இதையெல்லாம் நாங்கள் மலைநாட்டில் ஏன் பேசுகிறோம்? நம்ம பழைய லயங்களில் பலவற்றில் நடுச் சுவர் கூரை வரைக்கும் போகாது. கூரை ஒரே நீளம். ஒரு காம்பிராவில் பிடித்த தீ அந்த வழியாகவே அடுத்ததுக்குப் போகிறது. இப்போது 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்கள் ஓட்டோவுக்குக் கொட்டகை இறக்குகிறார்கள். சந்தோஷம். ஆனால் பக்கத்து வீட்டுச் சுவரில் கொண்டுபோய்ச் சாய்த்தால் லயத்தைத் திரும்பவும் உண்டாக்கின மாதிரி.

இடம் போதாது என்று சொல்லாதீங்க. 7 பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. அந்த 1915ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியிருப்புக் காணியில் மூன்றில் இரண்டு பங்குவரை கட்டிடம் வரலாம், அதாவது சுமார் 1,270 சதுர அடி. இந்திய உதவி வீடு 550 சதுர அடி. மிச்சம் இருக்கிறது. எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி, அதைச் சபையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேணும்.

முன்பு தோட்டத்துக்குள் வேலை செய்யப் பிரதேச சபைக்குச் சட்டம் தடையாக இருந்தது. 2018இல் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. காணி தோட்டத்தின் கையில் இருந்தால் நிர்வாகத்தின் சம்மதக் கடிதமும் வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் வேண்டும். இது யாழ்ப்பாணத்துக்காரருக்கு இல்லாத வேலை. ஆனால் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதைப் பார்த்த நமக்கு, அந்தக் கடிதத்தை வீண் அலைச்சல் என்று சொல்ல வாய் வராது.

தீ நடந்த அன்றே பொலிஸில் முறைப்பாடு பதியுங்க, கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்க. எரிந்த அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் திரும்ப எடுக்க அந்தப் பதிவு உதவும். துப்புரவு செய்யுமுன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்க. ஓட்டோவுக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால் தீக்கு ஒரு சதமும் கிடைக்காது, இதை லீசிங் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்க.

அந்த ஐயா கடைசியில் வரைபடம் கீறுவித்து விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். நாங்கள் புறப்படும்போது அனுமதி இன்னும் கைக்கு வரவில்லை, மோட்டார் சைக்கிள் மாமரத்தடியில் நின்றது. விண்ணப்பப் படிவம் நிரப்பச் சிரமப்படுகிறவர்கள் காணிக் கடிதத்தின் பிரதியோடு நலன்புரி அலுவலகத்துக்கு வரலாம். கூரை போட்ட பிறகு வராமல், போடுமுன் வாங்க.