கண்ணீர் ஓர் அளவுகோலா?

(மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வயதிற் சிறியவளாகிய நான் இச்சபையிலே பேச எடுத்துக்கொண்ட பொருள் கூச்சத்தைத் தருவது. எனினும் நாம் கூசி வாய்மூடி இருப்பதனால் எவருடைய நோயும் தீர்வதில்லை. பாலியற் கொடுமைக்கு ஆளான பெண்ணின் உடலுக்கும் வாழ்வுக்கும் நேர்வது யாது, அதில் நமது பங்கு யாது என்பதைச் சிறிது சிந்திப்போம்.

ஒரு பெண் தனக்கு நேர்ந்ததை வாய்திறந்து சொன்னால் ஊரார் முதலிற் கேட்பது என்ன? "ஏன் கத்தவில்லை? ஏன் அழவில்லை? கல்லுப்போல் இருக்கிறாளே!" என்பதுதான். கண்ணீரைக் கொண்டே உண்மையை அளக்கிறோம். இவ்வளவுகோல் சரியானதா?

அமெரிக்காவிலே பொஸ்ரன் நகர வைத்தியசாலைக்கு வன்புணர்ச்சிக்கு ஆளாகி வந்த 92 பெண்களின் நிலையை ஆன் பேர்ஜெஸ் என்னும் தாதியும், லிண்டா ஹோம்ஸ்ட்ரோம் என்னும் சமூகவியலாளரும் ஆராய்ந்து 1974ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அப்பெண்களுள் ஒரு சாரார் அழுதனர், நடுங்கினர். ஏறக்குறைய அதே தொகையினர் எதனையும் வெளிக்காட்டாது அமைதியாக இருந்தனர். இரு சாராரும் பட்ட துன்பம் ஒன்றே. அச்சம் மிகுந்தபோது உடல் விறைத்துக் குரலும் எழாது போவதுண்டு என்பது இன்று வைத்தியர்கள் நன்கறிந்த உண்மை.

உடற்காயம் ஆறிய பின்னும் துன்பம் ஆறுவதில்லை. உறக்கமின்மை, தீக்கனவு, தலைவலி, வயிற்றுநோவு, தனித்திருக்க அச்சம், வெளியே செல்லவும் அச்சம் என அது தொடர்கிறது. அப்பெண்கள் பலர் குடியிருந்த வீட்டையே விட்டு மாறினர். மனச்சோர்வு ஆண்டுக்கணக்கில் நீடிப்பதும், படிப்பும் தொழிலும் இடையில் நின்றுவிடுவதும் உண்டு.

இது எங்கோ தொலைவில் நடப்பதென்று எண்ணாதீர்கள். 2019இல் இலங்கையில் எடுக்கப்பட்ட கணக்கின்படி, கணவனாலோ துணைவனாலோ உடல்வழியாகவோ பாலியல்வழியாகவோ வன்முறைக்கு உள்ளான பெண்கள் ஐவரில் ஒருவர். கொடுமை செய்பவன் எப்போதும் அந்நியனல்லன்.

நமது நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1995இல் திருத்தப்பட்டபோது, பெண்ணின் சம்மதமின்மையை நிரூபிக்க அவள் எதிர்த்துப் போராடிய காயங்கள் இன்றியமையாதன அல்ல என்று தெளிவாக எழுதப்பட்டது. சட்டமே கைவிட்ட அளவுகோலை நாம் மாத்திரம் ஏன் இன்னும் கையில் வைத்திருக்கிறோம்?

நமது கேள்விகளுக்கு அஞ்சி அவள் ஒளித்திருக்கும் நாட்கள் விலையுயர்ந்தவை. எயிட்ஸ் நோய்க் கிருமி தொற்றாது தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துள் தொடங்கவேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் மருந்துக்கு 5 நாட்களே எல்லை. அதுவும் முந்தினால் நன்று. மானத்தைக் காப்பதாக எண்ணி வீட்டார் கதவைச் சாத்தும்போது அவளுடைய ஆரோக்கியத்தையே வெளியே விட்டுச் சாத்துகின்றனர்.

மானம் இழந்தவன் குற்றம் செய்தவனேயன்றி அவளல்லள். ஆகவே அன்பர்களே, நாளை ஒரு சகோதரியோ, மாணவியோ, அயல்வீட்டுப் பெண்ணோ உங்களிடம் வந்து சொன்னால், விசாரணை செய்யாதீர்கள். "உன்னை நம்புகிறேன், பிழை உன்னுடையதன்று, வா, வைத்தியசாலைக்குப் போவோம்" என்று சொல்லுங்கள். முதலிற் கேட்பவர் சொல்லும் அவ்வார்த்தையே அவளுக்கு முதல் மருந்து.