மகனுக்கு ஆசிரியரைத் தேடிய தந்தை



பிள்ளைகளின் கல்விக்குப் பெற்றோர் செய்யத்தக்கது யாது என்னும் வினாவுக்கு உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நல்ல விடை தருகிறது. அந்நூலைத் தமிழ்த் தாத்தாவின் வரலாறாகவே பலரும் படிக்கின்றனர். அவர் தந்தையார் வேங்கடசுப்பையரின் வரலாறாகவும் அதனைப் படிக்கலாம்.

வேங்கடசுப்பையர் இசைவாணர், கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். இராமாயணத்தை இசையோடு சொல்லிப் பெற்ற வருவாயில் குடும்பத்தை நடத்தினார். மகனும் இசையில் வல்லவனாக வேண்டும் என்பது அவர் விருப்பம். மகன் மனமோ தமிழில் தோய்ந்தது. தந்தை தடுத்தாரில்லை. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் எனத் தமிழ் சொல்லத்தக்கவர் இருந்த ஊர்களிலெல்லாம் மகன் பாடம் கேட்க வழி செய்தார். குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்ததில் பிழைப்புக்கும் பங்குண்டு. மகன் படிப்புக்கும் பங்குண்டு. இவ்வலைச்சலில் தாயார் சரசுவதி அம்மாள் பட்ட துன்பத்தைப் பேசுவோர் குறைவு.

1871இல், 16 வயது மகனை மாயூரத்துக்கு அழைத்துச் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தார். மகனின் உணவுக்கு வழிசெய்யும் பொறுப்பையும் தாமே ஏற்றார். அவ்வூரில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் மகன் இசையும் பயிலத் தொடங்கியதில் தந்தையின் பழைய ஆசை சிறிது நிறைவேறியது. தமிழ்ப் படிப்புக்கு அது இடையூறாகும் என ஆசிரியர் கருதவே, அதுவும் நின்றது.

இன்று பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை எப்பிரிவில் சேர்வது என்பதை முடிவு செய்பவர் யார்? அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் முடிவு செய்கிறது. உறவினர் முடிவு செய்கின்றனர். பிள்ளையைக் கேட்போர் சிலரே. மேடையில் தமிழைப் போற்றும் கவிஞர் வீட்டிலும், இலக்கியம் படிக்க விரும்பும் மகளுக்கு, "அதைப் படித்து என்ன செய்வாய்?" என்ற வினாவே முதலில் கிடைக்கிறது. இவ்வட்டத்துக் கவிஞர்களும் தத்தம் வீட்டை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அவ்வினா பொருளற்றதன்று. பிழைப்பைப் பற்றிய அச்சம் பெற்றோர்க்கு இயல்பு. வறுமையை அறிந்த வேங்கடசுப்பையருக்கும் அது இல்லாமலிருந்திராது. மகனுக்குக் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பணி கிடைத்தது 1880இல். சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887இல். மாயூரத்துக்கு மகனை அழைத்துச் சென்ற நாளில் இவற்றுள் ஒன்றையும் அவர் அறிந்திலர்.