பனி விலகிய பூமி

அலாஸ்காவின் தென்கிழக்கு ஓரத்தில் கிளேசியர் பே தேசியப் பூங்கா இருக்கிறது. வெளியூரிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. படகில் போகலாம், இல்லையென்றால் விமானம். அலை அடிக்கும் கரையிலிருந்து இருபது கிலோமீட்டர்ச் சொச்சத்திலேயே ஃபேர்வெதர் சிகரம் எழுகிறது. அதன் உயரம் 4,671 மீட்டர்!

1794இல் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது அங்கே விரிகுடா என்று சொல்ல ஏதுமில்லை, பனிச்சுவர்தான் நின்றது. 1879இல் இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் வந்து பார்த்தால், பனி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது.

பனி விலகிய இடத்தில் மிஞ்சியது வெறும் கல்லும் சரளையும். அதில் எப்படிக் காடு வந்தது? முதலில் பாசி. பிறகு ஆல்டர் புதர்கள். உளுந்துச் செடியைப் போலவே ஆல்டர் வேரிலும் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்கள் உண்டு. அதனால் மண்ணில் சத்து ஏறியது; ஸ்ப்ரூஸ் மரங்கள் தலைதூக்கின. வில்லியம் கூப்பர் என்ற தாவரவியலாளர் 1916இல் இந்த மாற்றத்தைக் கவனிக்கவே சிறு நிலத்துண்டுகளை அளந்து குறித்தார். அவற்றை இன்றும் ஆராய்கிறார்கள். என்ன பொறுமை பாருங்கள்! இந்த இடத்தைக் காக்கச் சொல்லிப் போராடியவர்களில் அவர் முக்கியமானவர். 1925இல் பாதுகாப்புக் கிடைத்தது. 1980இல் தேசியப் பூங்காவானது.

ஆனால் ஆளில்லாக் காடு என்று இதைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இது ஹூனா டிலிங்கிட் மக்களின் தாய்மண். பதினெட்டாம் நூற்றாண்டில் முன்னேறி வந்த பனி அவர்களை விரட்டியது. பின்னாளில் பூங்கா விதிகளும் தடுத்தன. 2016இல்தான், பார்ட்லெட் கோவ் கரையில் அவர்களுக்கான மரபு இல்லம் திறக்கப்பட்டது.