பனி பெய்தா ஐஸ் வளருமா?

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஆர்க்டிக் கடல் உறைஞ்சு கிடக்கு. அந்த ஐஸ் மேல நிறைய பனி பெய்யுது. ஐஸ் இன்னும் வேகமா தடிமனாகுமா?

ஆகும்னுதான் நானும் நெனச்சேன். நடக்கிறது நேர்மாறு.

குளிர்காலத்துல அங்க காற்று மைனஸ் 30 டிகிரி வரைக்கும் இறங்கும். ஐஸுக்குக் கீழ இருக்கிற கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரிதான். அந்தச் சூடு மேல ஏறி வெளியேறினாதான் அடியில புது ஐஸ் உறையும். பனிக்குள்ள நிறைய காத்து அடைஞ்சிருக்கு. அதனால அது கம்பளி மாதிரி சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். ஐஸ் மெதுவாத்தான் வளரும்.

வெயில் வந்ததும் அதே பனி கட்சி மாறிடும். புதுப் பனி, தன் மேல விழுற வெளிச்சத்துல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அனுப்பிடும். திறந்த கடல் 10 சதவீதம்கூட அனுப்பாது. ஸோ, கோடையில பனிதான் ஐஸுக்குக் குடை.

இந்த ரெண்டு முகத்தையும் பார்க்க ஒரு முழு வருஷம் அங்கேயே இருக்கணும். 'மொசைக்' பயணம் அதுக்குத்தான் முயற்சி பண்ணுச்சு. 2019 செப்டம்பர் 20 அன்னைக்கு, நார்வேயோட ட்ரோம்சோ துறைமுகத்துல இருந்து 'போலார்ஸ்டெர்ன்'ங்கிற ஜெர்மன் கப்பல் கிளம்புச்சு. அக்டோபர்ல ஒரு பெரிய ஐஸ் பாளத்தோட தன்னைக் கட்டிக்கிட்டு, அது போற போக்குல மிதக்க ஆரம்பிச்சது.

மாசக்கணக்கா சூரியனே இல்லாத இருட்டு. ஒருத்தர் துப்பாக்கியோட துருவக்கரடிக்குக் காவல் நிப்பார். மத்தவங்க தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு, பனியில கம்பியை இறக்கி ஆழம் அளப்பாங்க. திரும்பத் திரும்ப, அதே பாதையில.

செயற்கைக்கோள் இருக்கே, எதுக்கு இந்தப் பாடு? அது அளக்குறது தண்ணிக்கு மேல தெரியுற உயரத்தை. அதுல பனி எவ்வளவு, ஐஸ் எவ்வளவுன்னு பிரிக்கிறதுதான் கஷ்டம். பனிக் கணக்கு தப்பினா ஐஸ் கணக்கும் தப்பும்.

2020 மே மாசம் கொரோனா குறுக்க வந்தது. ஆள் மாத்த, கப்பலே பாளத்தை விட்டுட்டு தெற்கே போக வேண்டியதாச்சு. திரும்பி வர ஒரு மாசம் ஆச்சு. ஐஸ் உருகத் தொடங்குற நேரம் அது! அங்க விட்டுட்டு வந்த தானியங்கிக் கருவிகள்தான் அப்போ கைகொடுத்தது. ஜூலை கடைசியில அந்தப் பாளமே உடைஞ்சு போச்சு.

அவங்க விடல. வடக்கே போய் வேற பாளத்தைப் பிடிச்சு, கடல் மறுபடி உறையத் தொடங்குறதையும் பார்த்துட்டு, அக்டோபர் 12 அன்னைக்குத்தான் பிரேமர்ஹாஃபன் திரும்பினாங்க.

இனிமே "ஆர்க்டிக்ல நல்ல பனியாம்"னு செய்தி வந்தா, உடனே சந்தோஷப்படாதீங்க. எந்த மாசம்னு கேளுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.