நூற்றைம்பது மணி நேரமும் ஒரு கையெழுத்தும்

(மறைமலை நகரில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "அண்ணே, பசங்களுக்கு டிரெய்னிங் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசுங்க, மலர்லயும் போட்டுடலாம்" என்றார். ஒப்புக்கொண்டேன். அதற்கு இரண்டு நாள் முன்புதான் இன்னொரு போன் வந்திருந்தது. தெரிந்தவர் ஒருவர். அவருடைய மகன் பி.பார்ம். மூன்றாம் ஆண்டு. "பையன் வெயில்ல அலைய வேணாம்னு பாக்கறேன். உங்க கம்பெனி லெட்டர்பேட்ல ஒரு சர்டிஃபிகேட் மட்டும் போட்டுக் கொடுத்துடுங்களேன்" என்றார். முடியாது என்றேன். அவருக்கு வருத்தம். ஏன் முடியாது என்பதை அவரிடம் போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் விதி என்ன கேட்கிறது என்று பார்த்துவிடுவோம். டி.பார்ம். படிப்பவர் இரண்டு ஆண்டுப் படிப்போடு 500 மணி நேரப் பயிற்சியை மூன்று மாதத்துக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். அதில் 250 மணி நேரமாவது டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையாக இருக்க வேண்டும். 1991-ஆம் ஆண்டு கல்வி விதிமுறையிலேயே இது உண்டு. பார்ம்.டி. படிப்புக்கு 2008 விதிமுறை. ஆறு ஆண்டில் கடைசி ஓராண்டு முழுக்க ஆஸ்பத்திரியில்தான். ஆறு மாதம் பொது மருத்துவப் பிரிவு, மீதி ஆறு மாதம் வேறு மூன்று பிரிவுகளில் இரண்டிரண்டு மாதம்.

இப்போது நம்ம பி.பார்ம். 2014 விதிமுறைப்படி எட்டு செமஸ்டர், 208 கிரெடிட், பாடத்துக்குப் பாடம் 80 சதவீத வருகை. ஏழாம் செமஸ்டரில் பிராக்டிஸ் ஸ்கூல், எட்டாம் செமஸ்டரில் புராஜெக்ட். தொழிற்சாலைப் பயிற்சி என்று வந்தால், ஆறாம் செமஸ்டர் முடிந்து ஏழாவது தொடங்குவதற்குள் நான்கு வாரத்தில் குறைந்தது 150 மணி நேரம். மருந்துக் கம்பெனியாக இருக்கலாம், ஆஸ்பத்திரியாக இருக்கலாம், மருந்துக்கடையாகவும் இருக்கலாம். அங்குள்ள பொறுப்பாளர் கையெழுத்திட்ட சான்றிதழையும் அறிக்கையையும் கல்லூரித் தலைவரிடம் கொடுக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பகுதியின் தலைப்பில் இந்தப் பயிற்சி 'விரும்பத்தக்கது' என்று போட்டிருக்கிறது. கீழே வாசகத்தில் 'கட்டாயம் செய்ய வேண்டும்' என்கிற தொனி. இந்தச் சின்ன இடுக்கில்தான் சர்டிஃபிகேட் வியாபாரம் புகுந்துகொள்கிறது. டிப்ளமா படித்தவனுக்கு 500 மணி, பட்டம் வாங்குகிறவனுக்கு 150, அதுவும் 'விரும்பினால்' என்று படித்துக்கொள்கிறோம்.

ஆனால் மருந்துச் சட்டத்தின் கீழ் உள்ள விதி 71-ஐ எடுத்துப் பாருங்கள். மருந்து தயாரிப்புக்குப் பொறுப்பேற்கும் தகுதியுள்ள நபர் யார் என்று அதில் சொல்லியிருக்கிறது. பார்மசி பட்டதாரி என்றால் பட்டத்துக்குப் பிறகு 18 மாதம் தயாரிப்பில் அனுபவம். வேதியியல் படித்த பி.எஸ்ஸி. என்றால் மூன்று ஆண்டு. பார்மசி படித்தவனுக்கு ஒன்றரை ஆண்டைச் சட்டமே தள்ளுபடி செய்கிறது. எதை நம்பி? அவன் கல்லூரியிலேயே கொஞ்சம் பார்த்திருப்பான் என்று நம்பித்தான்.

நான் பார்த்தது என்ன என்று சொல்கிறேன். இந்தப் பக்கத்திலேயே சிரப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் என் பயிற்சி. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்துப் போக வேண்டும். மாத்திரை மெஷின் பார்க்கலாம் என்று ஆசையோடு போனேன். முதல் வாரம் முழுக்க ஸ்டோர்ஸில் தள்ளிவிட்டார்கள். எனக்கு ரொம்பக் கோபம். ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்த அண்ணன் பட்டம் படித்தவர் இல்லை. "தம்பி, டிரம் வந்தா லேபிளை நல்லா படி. படிச்சுட்டு நம்பாதே" என்பார்.

ஒருநாள் புரொப்பிலீன் கிளைக்கால் 12 டிரம் வந்தது. சிரப்பில் மருந்தைக் கரைக்கப் பயன்படும் திரவம், உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு டிரம்மிலும் சாம்பிள் எடுக்க வேண்டும். எட்டு எடுத்தேன், சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. எல்லாம் ஒரே பேட்ச்தானே என்று ரிஜிஸ்டரில் 12 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அண்ணன் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். அவர் திட்டவில்லை. ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்து, "மீதி நாலு எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம்தான் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற பெயரை ஒரு மனிதர் வாயிலிருந்து கேட்டேன். புத்தகத்தில் பார்த்தது வேறு. நிறமில்லாதது, இனிப்பானது, கிளிசரினோடும் புரொப்பிலீன் கிளைக்காலோடும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரிக்க முடியாது, விலை குறைவு. பிரேக் ஆயிலில் கூடச் சேர்ப்பார்கள். உள்ளே போனால் சிறுநீரகம் போய்விடும். 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை இதில் கரைத்து விற்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1972-ல் நம்ம சென்னையிலேயே குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 1986-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் இது கலந்திருந்து 14 பேர் இறந்து, நீதிபதி லெண்டின் கமிஷன் விசாரித்தது. அண்ணன் இதையெல்லாம் ஆண்டு சொல்லிச் சொல்லவில்லை, ஆண்டுகளை நான் பிறகு தேடிப் படித்தேன். அவர் சொன்னது, "பன்னெண்டாவது டிரம்ல இருந்தா என்ன பண்ணுவே?" மறுபடி கவுன் மாட்டிக்கொண்டு போய் நான்கு சாம்பிளையும் எடுத்தேன்.

இது பழைய கதை இல்லையா என்று நினைப்பீர்கள். இங்கிருந்து ஒரகடம் வழியாகப் போனால் சுங்குவார்சத்திரம். 2025 அக்டோபரில் அந்த ஊர்ப் பெயர் நாடு முழுக்கப் பேப்பரில் வந்தது. அங்கே தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பைக் குடித்த மத்தியப் பிரதேசம் சிந்த்வாராப் பக்கத்துக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபதுக்கும் மேல். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த சாம்பிளில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். மூலப்பொருளில் அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம். மருந்துத் தரமில்லாத புரொப்பிலீன் கிளைக்காலைப் பயன்படுத்தினார்கள் என்று ஆய்வில் சொன்னார்கள். கம்பெனியின் உரிமம் ரத்தானது. நான் அந்தச் செய்தியைப் படித்தபோது என் கண்ணில் நின்றது என்னுடைய ரிஜிஸ்டர் பக்கம்தான். 12 என்று எழுதிய அந்தக் கையெழுத்து.

இவ்வளவு தெரிந்த நான் யோக்கியமா என்றால், இல்லை. இதை இங்கே சொல்லலாமா என்று என் மனைவியே கேட்டார், சொல்லிவிடுகிறேன். வேலையில் உயர்ந்த பிறகு, நண்பரின் பையன் ஒருவனுக்கு நாலு வாரப் பயிற்சி முடித்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் கம்பெனி கேட்டைக்கூடத் தாண்டவில்லை. மூன்று வருஷம் கழித்து அதே பையன் கியூ.சி. வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு என் எதிரிலேயே வந்து உட்கார்ந்தான். சாம்பிள் எப்படி எடுப்பாய் என்று என்னோடு இருந்தவர் கேட்டார். பையன் முழித்தான். அவர் அவனுடைய ஃபைலைப் புரட்டி, "டிரெய்னிங் முடிச்சிருக்கியேப்பா, யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். சர்டிஃபிகேட்டில் இருந்தது என் பெயர். பையன் என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் குடித்தேன். அவனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அவனைக் கெடுத்ததில் பாதிப் பங்கு என்னுடையது.

மாணவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். எந்தக் கம்பெனி வாசலிலும் உள்ளே விடுவதில்லை. ஆடிட் இருக்கிறது, ரகசியம் இருக்கிறது என்பார்கள். இதே சாலையில் கார் கம்பெனியில் ஐ.டி.ஐ. படித்த பையன் 1961 சட்டப்படி அப்ரென்டிஸாகச் சேர்ந்தால் உதவித்தொகை வாங்குகிறான், ஆள் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பார்மசி மாணவன் இந்த நாலு வாரத்துக்குக் கைக்காசு போட்டு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளைகளை வீட்டில் தூரத்துக்கு விடுவதில்லை. அதனால்தான் அப்பாக்கள் எனக்குப் போன் பண்ணுகிறார்கள். அதற்குப் பெரிய கம்பெனியே வேண்டும் என்றில்லை. வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி பார்மசியில் 150 மணி நேரம் ஒழுங்காக நின்றாலும் விதிக்குச் சரிதான், நிறையத் தெரிந்துகொள்ளலாம். ஒரே நிபந்தனை, நிற்க வேண்டும். வாரம் ஆறு நாள், நாளைக்கு ஆறேகால் மணி நேரம், அவ்வளவுதான் கணக்கு.

உள்ளே போனால் முதல் நாளே கம்ப்ரஷன் மெஷினைக் காட்டச் சொல்லாதீர்கள். ஸ்டோர்ஸில் விட்டால் சந்தோஷப்படுங்கள். கையில் ஒரு நோட்டு வைத்து அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதுங்கள். கம்பெனி ரகசியத்தை எழுதாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். செய்யாததைச் செய்ததாக யாராவது எழுதச் சொன்னால், "சார், நான் பார்க்கலையே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பயிற்சிக்கு வந்தவன் சொன்னால் சிரிப்பார்கள், வேலையை விட்டுத் தூக்க முடியாது. அப்படிச் சொல்லிப் பழகிக்கொள்ள உங்களுக்கு இதைவிட வசதியான காலம் வராது.

என் தோழர்களுக்கு ஒன்று. நம்மில் ஆலத்தூர் சிட்கோவில் இருக்கிறவர்கள் உண்டு, இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கிறவர்கள் உண்டு, சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறவர்கள் உண்டு. ஆளுக்கு இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொண்டால் போதும். காலையில் டிபன் சாப்பிடும்போது நாலு பேரிடம் பேசினேன், மூன்று பேர் சரி என்றார்கள். நாலாமவர் மேனேஜ்மென்டைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார், விடமாட்டேன். யாரும் வெற்றுச் சான்றிதழ் கொடுப்பதில்லை என்றும் நமக்குள் பேசிக்கொண்டோம்.

வாசலில் பதிவு மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பெயர், ஊர், எந்தப் பஸ்ஸில் வருவீர்கள் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். போன் பண்ணின அந்தத் தெரிந்தவருடைய மகன் பெயரை முதல் வரியில் நானே எழுதிவிட்டேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு கேட்டில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கும் முதல் வாரம் ஸ்டோர்ஸ்தான்.

சாப்பாடு ரெடி என்று செயலாளர் கை காட்டுகிறார்.